சராசரிக்குள் மறையும் மலையகம்: இலங்கைத் தோட்டத் தமிழரின் குடியுரிமை, நிலம், சாதி

பெருந்துறையிலிருந்து சென்னிமலை வழியாகச் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் அரச்சலூரை அடைந்துவிடலாம். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தின் வடக்கே பவானிசாகரில் இன்னொரு முகாம். இந்த முகாம்களைப் பற்றிப் பேச்சு எழும்போது நம் நினைவு யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் போகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அகதிகளாக வாழும் இலங்கைத் தமிழருள் ஏறத்தாழ 29,500 பேர் மலையகத் தமிழர்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் சேரிகளிலிருந்தும் சக்கிலியத் தெருக்களிலிருந்தும் போனவர்கள். இலங்கை இனச்சிக்கல் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். இந்த மக்களைச் சாதியோடு சேர்த்துப் பேசியவை அவற்றுள் மிகக் குறைவு.

இக்கட்டுரை மாணவர்களும் களப்பணியாளர்களும் எடுத்துப் பார்க்க வசதியாக, மலையகத் தமிழரின் மனித உரிமை நிலையைச் சட்ட வரலாற்றோடு சேர்த்துத் தொகுக்கிறது.

சராசரி எதை மறைக்கிறது

வளரும் நாடுகளுக்கு இலங்கை நெடுங்காலம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. 1931இல் டொனமூர் அரசமைப்பின்வழி வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. நமக்கு அது கிடைக்க அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1940களின் நடுவில் இலவசக் கல்வி, அதைத் தொடர்ந்து விரிந்த இலவச மருத்துவம், மானிய விலை அரிசி என்று வளர்ந்த அந்த நலத்திட்ட அரசின் பயனாக எழுத்தறிவிலும் ஆயுள் எதிர்பார்ப்பிலும் தெற்காசியாவில் அந்நாடு முன்னணியில் நின்றது. ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இன்றும் 'உயர்' நிலையில் வைக்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என அறிவித்த பிறகும் அந்த இடம் மாறவில்லை.

அதே அரசின் புள்ளிவிவரத் துறை மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதற்கும் வறுமை விகிதம் 14.3 விழுக்காடு. நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 51.3. இரண்டில் ஒருவர் ஏழை என்பது இதன் பொருள். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, உடல்நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு தேசிய அளவில் 17 விழுக்காடு. தோட்டங்களில் ஏறத்தாழ 32.

ஓர் எச்சரிக்கை. 'தோட்டத்துறை' என்பதும் 'மலையகத் தமிழர்' என்பதும் ஒன்றல்ல. மலையகத் தமிழரில் பலர் இன்று தோட்டத்துக்கு வெளியே, சிறு நகரங்களிலும் கொழும்பிலும் வாழ்கிறார்கள். தோட்டங்களில் சிங்களத் தொழிலாளரும் உண்டு. ஆகவே மேலே உள்ள எண்களை ஒரு சமூகத்தின் முழுப்படமாகக் கொள்ளக் கூடாது. 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' எனப் பதிவானோர் சுமார் 8.4 லட்சம், அதாவது மக்கள்தொகையில் 4.1 விழுக்காடு. நூறு பேரில் நான்கு பேரின் நிலை எவ்வளவு தாழ்ந்தாலும் சராசரி அசையாது. சிறு நாட்டின் நல்ல குறியீடுகளைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தச் சராசரிக்குள் கரைந்துபோனவர்கள் யார்?

கங்காணியும் துண்டும்

மலையகத்துக்கு முதல் தொழிலாளர்கள் சென்றது 1823 என்று கொள்ளப்படுகிறது. அதன் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றார்கள். அந்த வழியில்தான் முன்னோர் நடந்தனர். இராமேசுவரம் கரையிலிருந்து தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுவழியாக மலைக்கு. காலரா, அம்மை, பசி, காட்டு விலங்கு ஆகியவற்றுக்கு இரையானவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தனர். காப்பிக்காக வந்தவர்கள் காப்பியின் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர், அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். எனவே குடும்பத்தோடு வந்து தங்கும் ஆட்கள் தேவைப்பட்டனர்.

ஆள் பிடித்தவன் கங்காணி. ஊரில் அவன் கொடுத்த முன்பணம், பயணச் செலவு, வழியில் தின்ற சோறு எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால், கடனைக் குறிப்பிட்டு, அதைச் செலுத்தினால் ஆளை விடுவிக்கச் சம்மதிக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்க்கும். கடன் ஆளோடு சேர்ந்து நகரும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. நம் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தைப் படித்தவர்கள் அதன் இரண்டாம் பிரிவிலுள்ள விளக்கத்தை இந்தத் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முன்பணம், அதற்கு ஈடாக உழைப்பு, வேறிடம் செல்லும் சுதந்திரம் இழத்தல் என்று ஒவ்வொன்றும் பொருந்தும்.

கங்காணிகளில் பெரும்பாலோர் இடைநிலைச் சாதியினர், வேளாளர், கள்ளர், அம்பலகாரர், ரெட்டியார் போன்றோர். அவர்கள் அழைத்துச் சென்றவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். ஊரில் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் இருந்த உறவு, துரையின் கீழே கங்காணியும் ஆளுமாகத் தோட்டத்தில் மறுபடி அமைந்தது. எந்த லயத்தில் யார் இருப்பது, கோயில் திருவிழாவில் யார் பறையடிப்பது, யார் முதல் மரியாதை பெறுவது என்பவையும் கூடவே கப்பலேறின. நம் பக்கத்தில் வால்பாறையிலும் இதே கதைதான். பி.எச். டேனியல் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என வந்த நாவலைப் படித்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

1948: பாட்டனின் பிறப்புச் சான்று

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து சென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. சுதந்திரம் பெற்ற சில மாதங்களில் இதற்கு விடை வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்ததை மட்டும் போதுமானதாகக் கொள்ளவில்லை. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, அதாவது இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் வருவது வழக்கமாயிருந்த மக்கள் இவர்கள். தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் சான்று எழுதி வைத்தார்கள்? சிங்களக் கிராமவாசியும் இத்தகைய சான்றைக் காட்ட முடியாதுதான். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் தொடர்ச்சியாக 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் வசித்ததை நிறுவ வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. அதே 1949இல், 48ஆம் எண் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றது. 1952 தேர்தலில் மலையகத்துக்கு உறுப்பினரே இல்லை.

1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அமைச்சராயிருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் ஆதரவாக வாக்களித்தார். இதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் அதே ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 'இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு' என்ற அவரது நோக்கு பின்னர் உண்மையானது. எனினும் வடக்கின் வேளாள அரசியலுக்குத் தோட்டக்காட்டான் என்பவன் கடைசிவரை அடுத்த வீட்டுக்காரனாகவே இருந்தான். 'தோட்டக்காட்டான்' என்ற அந்தச் சொல்லையே ஒரு வசவாகப் புழங்கிய சமூகம் அது.

நீதிமன்றம் என்ன செய்தது என்பதைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கோடாகன் பிள்ளை எதிர் முதநாயக்க என்ற வழக்கு. சோல்பரி அரசமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத தடைகளை விதிக்கும் சட்டம் செல்லாது என்றது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப்படாத ஒருவர் இதைக் காட்டி வழக்காடினார். லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் 1953இல், இவை குடியுரிமை பற்றிய சட்டங்களே என்றும், ஒரு நாடு தன் குடிமகன் யாரெனத் தீர்மானிப்பது இயல்பானது என்றும் கூறி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் எழுத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பதே அரசுக்குக் கவசமாயிற்று. பெயர் சொல்லாமல் ஒரு மக்கள் கூட்டத்தை மட்டும் வெளியேற்ற முடியும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கு தெற்காசியாவில் வேறில்லை என்பது என் கருத்து.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு முடிவு என்றனர். 1974இல் அந்த மீதியையும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். எந்தத் தோட்டத்திலும் யாரிடமும் கேட்கப்படவில்லை. இந்தியக் குடியுரிமை பெற்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். 1977, 1981, 1983 வன்முறைகள் வேறு பலரை விரட்டின. சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ப் பிறகு அங்கிருந்தும் போரால் துரத்தப்பட்டனர். இலங்கையில் எஞ்சியவர்களின் நாடற்ற நிலை 1986, 1988 சட்டங்களால் படிப்படியாகவும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டத்தால் பெருமளவும் முடிவுக்கு வந்தது. முழுக் குடியுரிமைக்கு 55 ஆண்டுகள் ஆயின.

ஏழு பேர்ச்சஸ்

குடியுரிமை வந்தால் எல்லாம் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. வாக்கு வந்தது, அமைச்சர் பதவிகளும் வந்தன. நிலம் வரவில்லை.

லயன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், சில இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. வெள்ளையர் காலத்தில் கட்டியதில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அறை தோட்டத்துக்குச் சொந்தம். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தனர். தோட்ட நிலத்தைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1992இல் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குக் குத்தகையாகப் போனது. இவ்வளவு கைமாறியும் தொழிலாளி ஒருவருக்கும் அவர் வாழும் அறைக்குப் பட்டா இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அறையில் நீடிக்கக் குடும்பத்தில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இதிலிருந்து பிறக்கிறது. தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்து கைக்குக் கிடைத்த கதை மலையகத்தில் படித்த ஒவ்வொருவரிடமும் இருக்கும்.

2015க்குப் பிறகு தனி வீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் வந்தது. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்பது நம் கணக்கில் நாலேகால் சென்ட்டுக்குச் சற்று மேல். இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகளும் இதனோடு சேரும். தேவையோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதி. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கு வீட்டுமனைக்காக நிலம் எடுக்க 1978இல் 31ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி கொடுத்த மனைகளில் எத்தனை இன்னும் அளந்து காட்டப்படாமல் கிடக்கின்றன என்பதைப் பெருந்துறை வட்டத்தில் மனு எழுதும் எவரும் சொல்வார்கள். ஆனாலும் உரிமையாகக் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. மலையகத்தில் அந்தச் சட்டமே இல்லை.

இன்னொரு சட்டக் கண்ணியைச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் எண் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டத்துக்குள் உள்ள சாலை, கிணறு போன்றவற்றுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட அப்பிரிவு தடையாயிருந்தது. தோட்டத் தமிழர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே தம் லயத்துக்குத் தெருவிளக்குப் போட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

அரசின் கடமையைக் கம்பெனியிடம் விட்டதன் விளைவு நிலச்சரிவுகளில் தெரிகிறது. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. மக்கள் வேறெங்கே போவது என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோதும் மலைச்சரிவுகளே பெரும் உயிர்களைக் கொண்டன.

கூலியைப் பற்றிச் சுருக்கமாக. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. அடுத்த ஆண்டே பணவீக்கம் அதை விழுங்கியது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாயிற்று. முழு நாள் கூலி பெறப் பறிக்க வேண்டிய கொழுந்தின் எடை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. எடையை உயர்த்தினால் கூலியைக் குறைத்ததாகும். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், எடை போட்டுக் கணக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நவீன அடிமைமுறை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா 2021 இறுதியில் வந்து பார்த்து, அடுத்த ஆண்டு அளித்த அறிக்கையில் மலையகத் தமிழரின் வேலை, குடியிருப்பு நிலைமைகளைக் குறிப்பிட்டுக் கண்டித்தார். அவர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2021 ஜூலையில், டயகம தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தபோது ஏற்பட்ட தீக்காயங்களால் இறந்துபோனாள். பெருந்துறையைச் சுற்றியுள்ள நூற்பாலை விடுதிகளுக்கு மலைக்கிராமங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து சேரும் பெண்களைப் பார்ப்பவர்களுக்கு, வறுமை எந்த வயதில் யாரை முதலில் வீட்டைவிட்டு அனுப்புகிறது என்பது தெரியும்.

எழுதப்படாத சாதி

இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தையும் மதத்தையும் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்படும். அங்கே சாதி ஒழிந்துவிட்டதால் எழுதவில்லை என்று எண்ண வேண்டாம். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களில் தூய்மைப் பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் யார் என்று விசாரித்தால், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அருந்ததியர், பறையரின் வழித்தோன்றல்கள் என்ற விடையே வரும்.

சட்டம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில், தேநீர்க்கடைப் போராட்டங்களின் சூழலில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் எண் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1978 அரசமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை சாதியின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது. 12(3) கடை, உணவகம், தங்கும் விடுதி, பொழுதுபோக்கு இடம், தன் சொந்த மதத்தின் வழிபாட்டுத் தலம் ஆகியவற்றில் நுழைவதைச் சாதி முதலிய காரணங்களால் தடுக்கக் கூடாது என்கிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட வேண்டுமானால், மீறல் ஆட்சித்துறை அல்லது நிர்வாகச் செயலாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தனியார் கம்பெனி நடத்தும் தோட்டத்தில், கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணத் தூரத்தில் உள்ள கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் 17ஆம் உறுப்புரை தீண்டாமையைக் குற்றமாக்குகிறது, தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதன் கீழ் நிற்கிறது. அந்தச் சட்டமே கொங்கு மண்டலத்தில் எத்தனை காவல் நிலையங்களில் எழுத மறுக்கப்படுகிறது என்பது வேறு வழக்கு.

மலையகத் தலைமையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கோ. நடேசய்யர் 1930களில் கங்காணி முறையை நேரடியாக எதிர்த்து எழுதினார். அவரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் துரைமாரின் தடைகளை மீறித் தோட்டங்களுக்குள் சென்று பாட்டாலும் துண்டறிக்கையாலும் மக்களைத் திரட்டினர். பின்னர் எழுந்த பெரிய தொழிற்சங்கத் தலைமையோ பெரும்பாலும் கங்காணிக் குடும்பங்களிலிருந்து வந்தது. தோட்டத் தொழிலாளர் காங்கிரசை அரை நூற்றாண்டு நடத்திய சௌமியமூர்த்தி தொண்டமான் கங்காணியாகச் சென்று தோட்டம் வாங்கியவரின் மகன். குடியுரிமை கிடைத்ததில் அவருடைய பேர ஆற்றலின் பங்கை மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் சந்தா கட்டும் தொழிலாளி ஒரு சாதி, சங்கத்தின் மேல்நிலை வேறு சாதி என்ற அமைப்பில் சாதி ஒரு கோரிக்கையாக எழவே இல்லை. 'நாம் எல்லோரும் மலையகத் தமிழர்' என்ற அடையாளம் சிங்களப் பேரினவாதத்துக்கு எதிரே தேவையான ஒற்றுமை. அதே ஒற்றுமையின் பெயரால் லயத்துக்குள் உள்ள தீண்டாமையைப் பேசுகிறவர் பிளவுபடுத்துகிறவர் ஆகிறார். இந்த வாதத்தை நாம் தமிழ்நாட்டிலும் கேட்டிருக்கிறோம்.

ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002இல் வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரை, 'வம்சாவளி' என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது. அந்த உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் உறுப்பினர்கள். மலையகம் பற்றிய அறிக்கைகளில் சாதிவாரித் தரவைக் கோர இது போதுமான அடிப்படை.

நீலகிரிக்கு வந்தவர்களும் முகாமில் இருப்பவர்களும்

ஒப்பந்தத்தின்படி வந்தவர்களில் பெரும்பகுதி நீலகிரியில் குடியேறியது. அவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்னும் தேயிலைத் தோட்டக் கழகமானது. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி, வால்பாறை என்று அதன் தோட்டங்கள் பரவின. அங்கே லயம், இங்கேயும் லயம். 2022இல் அக்கழகத்தின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் மீண்டும் ஒரு முறை வீட்டைக் காலி செய்வது பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குடும்பத்துக் கல்லூரி மாணவி ஒருவரின் கோப்பு என்னிடம் வந்தது. பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும். பாட்டியின் இலங்கைப் பிறப்புச் சான்றில் 'இந்தியத் தமிழர்' என்று மட்டும் இருந்தது. சாதிக்கு ஆதாரம் எங்கே என்று ஓர் அலுவலகம் கேட்டது. சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950ஆம் ஆண்டைச் சேர்ந்தது; ஆணை வெளியான நாளில் நிலையான குடியிருப்பு எங்கே என்பதை வைத்தே ஒருவருடைய பட்டியல் நிலை பார்க்கப்படுகிறது. அந்த நாளில் இந்தக் குடும்பம் தேயிலைத் தோட்டத்தில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. இலங்கை சாதியை எழுதாமல் விட்டது. இந்தியா எழுத்தில் கேட்கிறது. பாட்டி பிறந்த லயத்தில் அவர் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம் என்பதை மட்டும் எழுத்தில்லாமலே எல்லோரும் அறிந்திருந்தனர். பாட்டனின் சொந்த ஊரில் உறவினரைத் தேடி, அவர்களின் சான்றுகளை இணைத்து, மேல்முறையீட்டில்தான் அந்தச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் அந்த மாணவியின் ஓராண்டு உதவித்தொகை போய்விட்டது.

முகாம்களில் இருப்போரின் நிலை இதனினும் கடினம். 1983க்குப் பிறகு போரால் வந்தவர்கள் என்பதால் அவர்கள் ஒப்பந்தக் கணக்கில் வரவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையுள்ளவர் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை பெற முடியாதெனச் செய்தது. 2019 டிசம்பர் திருத்தம் மூன்று நாடுகளுக்குத் தளர்வு தந்தது. அவற்றில் இலங்கை இல்லை. அதே 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருச்சி கொட்டப்பட்டு முதலிய முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் மனுவில், இவர்களின் வேர் இந்தியாவில் இருப்பதைக் கருத்தில் கொண்டு விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நீதிமன்றமே குடியுரிமை வழங்க முடியாது. முடிவு ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2022இல் அதே கிளை, 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்த முகாம் பெண் ஒருவர் பிறப்பாலேயே குடிமகள் என்று ஏற்றுக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 2025இல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. சிறைக்குப் போகும் அச்சம் நீங்குகிறது. வாக்கும் நிலமும் சாதிச் சான்றும் அதனால் வருவதில்லை. நாடற்றோர் பற்றிய 1954, 1961 உடன்படிக்கைகளில் இரு நாடுகளும் கையெழுத்திடவில்லை என்பதால் பன்னாட்டு வழியும் குறுகலானது.

அரச்சலூரிலோ பவானிசாகரிலோ பணி செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்திலும் எஞ்சியிருக்கும் காகிதங்களைப் படமெடுத்துப் பட்டியலிடுங்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவு, பழைய பற்றுச்சீட்டு, ஒப்பந்தக் காலத்து விண்ணப்ப நகல், மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை, பாட்டன் பெயர் வரும் எந்தத் துண்டுச் சீட்டும் விடுபடக் கூடாது. தமிழ்நாட்டில் அவர்களின் பூர்வீக ஊர், அங்கே இன்னும் இருக்கும் உறவினர், அவர்களிடமுள்ள சாதிச் சான்று ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் வீட்டில் யாராவது உண்டா என்று தவறாமல் கேளுங்கள். அவர்களின் வழக்கு மற்றவர்களின் வழக்கிலிருந்து வேறு. அதைத் தனியாகவும் முதலாவதாகவும் தாக்கல் செய்ய வேண்டும்.